செருப்பு வரிசையில் ஒரு பிங்க் ஷூ: கடலூரிலும் சிதம்பரத்திலும் விளையாட்டிடம் தேடிய எட்டு நாள்

ஐந்து மாதமாக இந்த வலைப்பூவில் நான் ஒன்றும் எழுதவில்லை. "என்ன ஆச்சு, ஊர் சுற்றுவதை விட்டாச்சா?" என்று விசாரித்து எழுதிய எல்லோருக்கும் முதலில் நன்றி. வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும், நான் கோயிலையும் ஹோட்டலையும் பற்றி எழுதுகிற ஆள் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று பார்த்து எழுதுவேன். கூட வரும் என் மகள் இனியா, ஏழு வயது, எல்லாவற்றிலும் ஏறி இறங்கி மார்க் போடுவாள். சிங்கப்பூரின் ரப்பர் தரைக்குப் பத்துக்கு ஆறு ("விழுந்தாலும் வலிக்கல, போர்"). துபாயில் கையில் பட்டை கட்டி, நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிய ஏசி கூடத்துக்கு நான்கு. கோபன்ஹேகனில் பிள்ளைகளே ஆணியடித்துக் கட்டிக்கொண்ட மர வீட்டுக்குப் பத்துக்குப் பதினொன்று.

மார்ச் மாதம், நாங்கள் வசிக்கும் ஹாம்பர்க்கில், கயிற்று வலையில் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாள். விளையாட்டிடத்தின் மேல் குற்றம் இல்லை. கீழே மணல், கயிறு உறுதி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் கீழே நின்று அந்தக் கயிற்று முடிச்சுகளை இந்த வலைப்பூவுக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து "அம்மா, பாரு" என்றாள். "ஒரு நிமிஷம்டா" என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் விழுந்துவிட்டாள். வலது முழங்கை முறிந்தது.

மே மாதம் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஆனால் இனியா அந்தக் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்தே வைத்துக்கொண்டாள். சாப்பாடு இடது கையால், எழுத்து இடது கையால். ஊஞ்சல், சறுக்கு என்று எதன் பக்கமும் போகவில்லை. நான் போனைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இப்படியே மடக்கி வைத்திருந்தால் முழங்கை இறுகிவிடும். பயிற்சியைவிட இவள் விளையாடுவதுதான் முக்கியம், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் எப்படியாவது விளையாட வையுங்கள்" என்றார் டாக்டர். எப்படியாவது என்றால் எப்படி என்று அவர் சொல்லவில்லை.

கோடை விடுமுறையில், ஆகஸ்ட் முதல் வாரம், கணவருக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். அவருடைய அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். நான் கோயம்புத்தூர்க்காரி, எனக்கு இது புகுந்த ஊர்தான். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பஸ்ஸில் 180 கிலோமீட்டர், நான்கரை மணி நேரம்.

முதல் நாள் மாலையே அண்ணி எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம், 80 ரூபாய். கடலுக்கு முன்னால் சறுக்கு, ஊஞ்சல், சீசா எல்லாம் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நான்கு மணிக்குப் போகாதீர்கள், ஐந்தரைக்குப் போங்கள். இரும்புச் சறுக்கு வெயிலில் கொதிக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் பாட்டில் தண்ணீரைச் சறுக்கில் மேலிருந்து ஊற்றிவிட்டு, அது ஓடி முடிப்பதற்குள் தாங்களும் சறுக்கி இறங்கிவிடுகிறார்கள். ஹாம்பர்க் பெற்றோர் இதைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள். எனக்கே கொஞ்சம் கிறுகிறுத்தது.

அங்கேதான் என் கோபம் வெளியே வந்தது. ஹாம்பர்க்கில் எழுதப்படாத ஒரு விதி உண்டு: எந்தக் குழந்தையையும் எதன் மேலும் தூக்கி ஏற்றக் கூடாது. தானாக ஏற முடிகிற நாளில் ஏறட்டும் என்று விட்டுவிடுவார்கள். கடலூரின் எழுதப்படாத விதி நேர் எதிர்: பக்கத்தில் யார் இருந்தாலும் தூக்கிவிடலாம். சறுக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற இனியாவை, முன்பின் தெரியாத ஒரு அம்மா அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படியில் வைத்துவிட்டார். இனியா போட்ட அலறலில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

"யாரைக் கேட்டுத் தூக்குனீங்க?" என்று நானும் கத்திவிட்டேன்.

"கொழந்த ஆசையா பாத்துக்குனு நின்னுச்சேன்னு தூக்கி உட்டேம்மா. தப்பா நெனச்சுக்காத," என்றார் அவர். முகம் வாடிப்போயிற்று.

பத்து நிமிடம் கழித்து அவரே திரும்பி வந்து, மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டுகளைக் காகிதத்தில் வைத்து இனியாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நேரம் எனக்கு வந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அம்மா, நீங்கள் யாரென்று தெரியாது, இதைப் படிக்கவும் போவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நீங்கள் சொன்னது சரி. அவள் ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் அது தெரியவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் புதிதாக வந்திருக்கும் ஒரு ஏசி விளையாட்டுக் கூடம். ஒரு மணி நேரம் 300 ரூபாய், சாக்ஸ் தனியாக 50. பிளாஸ்டிக் பந்துகள் நிறைந்த தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரமும் இடது கையால் பந்துகளை நிறவாரியாகப் பிரித்தாள் இனியா. சாக்ஸ் மட்டும் நல்ல சாக்ஸ், இன்னும் போட்டுக்கொள்கிறாள். அண்ணி வீட்டில் நான்கு நாள் இருந்தோம். வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் அவள் கையைப் பார்த்து "அடடா, வலிக்குதா கண்ணு?" என்று கேட்கக் கேட்க, கை இன்னும் இறுக்கமாக நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பாசத்தில்தான் கேட்டார்கள், யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை 10.40 பஸ்ஸில் சிதம்பரம் கிளம்பினோம். எனக்கு 38 ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட் 19. ஏறத்தாழ 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கணவர் அண்ணாமலை நகரில் படித்தவர், "அந்தப் பக்கம் போனா மனசு ஆறும்" என்று அனுப்பிவைத்தார். கீழ வீதியில் லாட்ஜ், நாளுக்கு 1,400 ரூபாய், சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை பிச்சாவரம் சதுப்புக் காடு. போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 700 ரூபாய் என்று ஆட்டோக்காரர் ராஜவேல் சொன்னார். பேரம் பேச வாய் திறந்தேன். "ஜாஸ்தி கேக்கல மேடம், வெயிலுல மூணு மணி நேரம் ஒங்களுக்காவ நிக்கணும்ல," என்றார். நியாயம்தான். சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர், அரை மணி நேரம். எட்டரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தலையைப் பிளக்கிறது. துடுப்புப் படகு அந்தச் சதுப்பு மரங்களுக்கு நடுவே நுழைந்தபோது, தண்ணீருக்கு மேல் பின்னிக் கிடந்த வேர்களை இனியா வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகப் படகுக்காரரிடம், "இதுல ஏறலாமா?" என்றாள்.

"ஏறக் கூடாது பாப்பா, வழுக்கி உட்டுடும்," என்றார் அவர்.

ஐந்து மாதத்தில் அவள் ஏறுவதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் படகிலேயே எழுந்து நின்று அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. படகு ஆடும் என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது ராஜவேலிடம் இதைச் சொன்னேன். கண்ணாடி வழியாக இனியாவைப் பார்த்தார். "சாயங்காலம் நம்ம பக்கம் இட்டாரட்டுமா மேடம்? யூனிவர்சிட்டி தாண்டி தெருக்கோடில சின்னதா ஒரு எடம். பெருசா ஒண்ணும் கெடையாது. எம் பொண்ணு ரூபி அங்கதான் கெடப்பா. நான் போயி இழுத்தாந்தாத்தான் வூட்டுக்கு வருவா," என்றார்.

பெரிதாக ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். கீழ வீதியிலிருந்து மூன்றரை கிலோமீட்டர், 60 ரூபாய். மாலை 5.05-க்கு இறங்கினோம். இரண்டு வேப்பமரம், ஒரு சிமெண்ட் பெஞ்ச், ஒரு சறுக்கு, ஊஞ்சல் கம்பத்தில் ஒரே ஒரு பலகை, கீழே ஆற்று மணல். பதினான்கு பிள்ளைகள். ஒரே ஊஞ்சலுக்குப் பதினான்கு பேர் என்றால் எந்த ஊரிலும் கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து பஞ்சாயத்து பண்ண வேண்டியிருக்கும். இங்கே சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. பாதிப் பேர் ஊஞ்சல் பக்கமே இல்லாமல் மரத்தடியில் ஓடிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் மணலில் அந்த வரிசை கண்ணில் பட்டது. ஊஞ்சலுக்கு எதிரே, ஜோடி ஜோடியாக, பதின்மூன்று செருப்பு ஜோடிகள்.

ரேஷன் கடையில் பையையும் கல்லையும் வரிசையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போவோமே, அதே ஏற்பாடு. செருப்பு நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு. ஒரு ஆளுக்கு முப்பது ஆட்டம், நிற்பவர்கள் சத்தமாக எண்ணுவார்கள். அடுத்த செருப்புக்காரர் வந்து ஆட்டிவிட வேண்டும். முப்பது முடிந்ததும் இறங்கி, செருப்பைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டு விளையாடப் போகலாம். இவ்வளவுதான் சட்டம். போர்டு கிடையாது, காவலாளி கிடையாது.

இனியா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, மணல் ஓரமாகப் போய், லேஸை அவிழ்த்துத் தன் பிங்க் ஷூ இரண்டையும் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு மணலில் கால் புதைத்து நின்றாள். ஹாம்பர்க் பழக்கம். அங்கே மணலுக்குள் இறங்குமுன் ஷூவை ஓரத்தில் கழற்றி வைப்பார்கள். அவள் பார்த்த ஓரம், அந்த வரிசையின் கடைசிச் செருப்புக்குப் பக்கத்து இடம். அவளுக்கும் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை.

5.25-க்கு ஒரு குரல்: "பிங்க் ஷூ யாருது? பிங்க் ஷூ! வந்து ஆட்டி உடு!"

ஊஞ்சலில் இருந்தவள் பத்து வயதுப் பெண், இரட்டைச் சடை, அதிகாரமான குரல். ராஜவேலின் மகள் ரூபி அவள்தான் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட மற்ற பிள்ளைகளால் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று, ஷூவையும் இனியாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இனியா தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். நான் எழுந்தேன். "அவ ஆட மாட்டாம்மா, அவளுக்குக் கை..." என்று ஆரம்பித்தேன்.

"ஆன்ட்டி, நீங்க உக்காருங்க. ஷூ அவளுதுதான?" என்றாள் ரூபி.

உட்கார்ந்தேன். வேறு ஒருத்தி வந்து ரூபியை ஆட்டிவிட்டாள். முப்பது முடிந்து இறங்கிய ரூபி, தன் செருப்பைக் கடைசியில் வைத்துவிட்டு இனியாவிடம் போனாள். "ஒன்னோட டர்ன். ஏர்றியா?" மறுபடி தலையாட்டல். "சரி. கடைசில வெக்கிறேன்," என்று சொல்லி, பிங்க் ஷூவை எடுத்து மண்ணைத் தட்டித் தன் செருப்புக்குப் பின்னால் வைத்தாள். பிறகு ஓடிவிட்டாள்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. வா, பயப்படாதே என்று யாரும் இழுக்கவில்லை. கையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையிலிருந்து அவள் ஷூவை எடுத்து ஓரமாகப் போடவும் இல்லை. ஐந்து மாதமாக நான், டாக்டர், டீச்சர், உறவினர் எல்லோரும் செய்ததையெல்லாம் இந்தப் பிள்ளைகள் செய்யாமல் விட்டார்கள்.

இனியா அங்கேயே நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முப்பதுக்கும் அது ஒரு இடம் முன்னேறியது. 5.45-க்கு மறுபடி ரூபி ஊஞ்சலில், அடுத்தது பிங்க் ஷூ. "வா, ஆட்டி உடு. ஏறாட்டி போ, ஆட்டியாவது உடணும். அதான் ரூல்ஸ்," என்றாள் ரூபி. இனியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த நேரம் செய்யத் தெரிந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இடது கையால் தள்ளினாள். ஊஞ்சல் கோணிக்கொண்டு போய்க் கம்பத்தில் இடிக்கப் பார்த்தது. "ஏய், ரெண்டு கையாலயும் தள்ளு! கோணலா போவுது!" என்று கத்தினாள் ரூபி. எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பத்தாவது ஆட்டத்துக்கு இனியாவின் வலது கை நெஞ்சை விட்டு வந்தது. முதலில் விரல் நுனி மட்டும் பட்டது, பிறகு உள்ளங்கை. இருபதுக்கு மேல் இரண்டு கையும் நீண்டு தள்ளின. நான் மரத்தைப் பார்ப்பதாகச் சொன்னேனே, அது பொய். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் அவள் ஏறவில்லை. "சரி, கடைசில வெக்கிறேன்." ரூபிக்கு அலுப்பே கிடையாது. மூன்றாவது சுற்றில், 6.10-க்கு, ரூபியை முப்பது தடவை இரண்டு கையாலும் ஆட்டிவிட்டு, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், பலகையில் உட்கார்ந்து இரண்டு சங்கிலியையும் பிடித்தாள். முதல் ஐந்து ஆட்டம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முப்பதில் இறங்கினாள். ஷூவைத் தானே எடுத்துக் கடைசியில் வைத்தாள்.

6.35-க்கு ராஜவேல் வந்தார். "என்னா மேடம், வெளாண்டுதா?" என்று கேட்டார். வரிசையில் இருந்த பிங்க் ஷூவைக் காட்டினேன். அன்று ஹோட்டலில் இனியா வலது கையால் தோசையைப் பிய்த்தாள். நான் கவனிக்காத மாதிரி சட்னியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சென்னைக்குத் திரும்புவதாக இருந்தது. அண்ணியிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கீழ வீதியில் 150 ரூபாய்க்கு அவளுக்கு ரப்பர் செருப்பு வாங்கினோம். ஷூ லேஸ் அவிழ்ப்பதற்குள் வரிசையில் இரண்டு இடம் போய்விடுகிறது என்று புகார். இரண்டு மாலையும் அங்கேதான் இருந்தோம். சறுக்கிலும் ஏறினாள்.

இந்தப் பக்கம் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் தலா மூன்று நாள் ஒதுக்குங்கள். விளையாட்டிடங்களுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள், தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று குடிக்க, ஒன்று சறுக்குக்கு. ஆறேகாலுக்கு மேல் கொசு பிடுங்கும், முழுக்கால் உடை போட்டுவிடுங்கள். சுலபமாகக் கழற்றுகிற செருப்பு அவசியம். யாராவது உங்கள் குழந்தையைத் தூக்கிவிட்டால் என்னைப்போல் கத்தாதீர்கள், வேண்டாம் என்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்கள். அப்புறம், குழந்தையை யாராவது கேள்வி கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். நான் ஐந்து மாதம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இனியா கொடுத்த மார்க்கை நீங்கள் கேட்பீர்கள். யோசித்துவிட்டு, "மார்க் வேணாம், மறுபடி போலாம்" என்றாள்.

இந்தப் பதிவில் படம் ஏன் இல்லை என்றும் கேட்பீர்கள். கடைசி மாலை, அவள் இரண்டு சங்கிலியையும் பிடித்து, கால் நீட்டி, வேப்பங்கிளை உயரத்துக்குப் போனாள். பழக்க தோஷம், என் கை பைக்குள் போய்ப் போனை எடுத்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. மேலே இருந்தே கூப்பிட்டாள்:

"அம்மா, போட்டோ வேணாம். நீ எண்ணு!"

போனைப் பைக்குள் போட்டேன். எழுந்துபோய் மற்ற பிள்ளைகளோடு நின்று, அவள் மேலிருந்து கண்ணெடுக்காமல் சத்தமாக எண்ணினேன். இன்னும் நூறு எண்ணலாம் போல இருந்தது. முப்பதில் நிறுத்திவிட்டேன். அடுத்த செருப்பு காத்திருந்தது.